செம்மறிப் பண்ணை ஆலோசகரின் ‘அங்கீகாரம்’: யார் கொடுத்தது, எவ்வளவு கொடுக்கலாம்?

பரமத்தி விவசாயி
வணக்கம். மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத் திட்டத்தில் 100 பெட்டை ஆடுகளும் 5 கிடாக்களும் கொண்ட மேச்சேரி இனச் செம்மறிப் பண்ணை அமைக்க விண்ணப்பிக்கிறேன். செலவில் பாதி, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், மானியமாகக் கிடைக்கும். ஓர் ஆலோசனை நிறுவனம் திட்ட அறிக்கைக்கும் பரண் கொட்டகை (தரையிலிருந்து உயர்த்திய தளம் உள்ள ஆட்டுக்கொட்டகை) வரைபடத்துக்கும் 75,000 ரூபாயும், பிறகு தடுப்பூசி, குடற்புழு நீக்கம், சிகிச்சை எல்லாவற்றுக்குமாக மாதம் 8,000 ரூபாயும் கேட்கிறது. குட்டிகளை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொல்கிறார்கள். அட்டையில் “அங்கீகாரம் பெற்றது” என்று அச்சிட்டிருக்கிறது. அதை எப்படிச் சரிபார்ப்பது?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்
ஆடு வளர்ப்பு ஆலோசனை சொல்வதற்கு நம் நாட்டில் உரிமம் எதுவும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் சொல்லலாம், கட்டணமும் வாங்கலாம். சிகிச்சை அப்படியல்ல. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே சிகிச்சை அளிக்கலாம். பட்டயமோ சான்றிதழோ பெற்றவர்கள், மாநில அரசு ஆணையிட்டு அனுமதித்த சிறு பணிகளை, பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். பதிவு என்பது மனிதருக்கு உரியது. ஆகவே நிறுவனத்தின் அட்டையைப் பார்க்காமல், உங்கள் ஆட்டுக்கு ஊசி போடப்போகிறவரின் பெயரையும் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றப் பதிவு எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். பல்கலைக்கழகமோ திறன் மன்றமோ தரும் பயிற்சிச் சான்றிதழ் நல்லதுதான். ஆனால் அது பயிற்சி பெற்றதற்கு அத்தாட்சியே தவிர, சிகிச்சை செய்யும் உரிமை ஆகாது.

கிடைக்காரர் மகன், இராமநாதபுரம்
ஐயா சொல்வது சட்டம். நான் பட்டியில் நடப்பதைச் சொல்கிறேன். அறுவடை முடிந்ததும் எங்கள் ஆடுகள் தஞ்சை வயல்களில் கிடை போடப் போகும், அதாவது எருவுக்காக இரவில் வயலிலேயே அடைபடும். அங்கே இரவு இரண்டு மணிக்கு ஓர் ஆடு அசைபோடாமல் ஒதுங்கி நிற்பதைக் கண்டுபிடிப்பவர் கீதாரி, அதாவது கிடையின் தலைமை மேய்ப்பர். அவரிடம் எந்தப் பதிவு எண்ணும் இல்லை. மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை மேய்ந்துவிட்டு ஆடு துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோயில் விழுந்தால், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பதிவு எண் உள்ளவர் மறுநாள் வந்து இறந்த ஆட்டைத்தான் பார்ப்பார். மாதத்துக்கு இரண்டு முறை வந்துபோகிறவருக்கு 8,000 கொடுப்பதைவிட, அனுபவமுள்ள மேய்ப்பருக்கு 15,000 கொடுத்துப் பண்ணையிலேயே குடிவைப்பது மேல். நண்பர் சான்றிதழைத் தேடுவதற்கு முன், அந்த ஆலோசகர் கடைசியாக நடத்திய பட்டியில் சென்ற ஆண்டு எத்தனை குட்டிகள் பிறந்தன, எத்தனை பிழைத்தன என்று கேட்கட்டும்.

பண்ணைக்காரி, ஈரோடு
சகோதரர் சொல்லும் கேள்வி சரியானது. ஆனால் அனுபவம் மட்டும் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பண்ணைக்கு இருபது வருட அனுபவம் உள்ளவர் என்று சொல்லி வந்த ஒருவர் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இருசக்கர வண்டியில் வந்து போட்டார். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து அது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. நான்கு மாதம் கழித்து நோய் வந்தது. பதினொரு ஆடுகள் போயின. மருந்தின் தொகுதி எண்ணும் இல்லை, ரசீதும் இல்லை, ஆகவே கேட்பதற்கு ஆளும் இல்லை.

செலவையும் பாருங்கள். மாதம் 8,000 என்றால் ஆண்டுக்கு 96,000. தாய் ஆடு ஒன்றுக்கு 960 ரூபாய். ஒரு குட்டி 5,000 ரூபாய்க்கு விற்றால், ஏறத்தாழ பத்தொன்பது குட்டிகளின் விலை அது. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியை அரசே இலவசமாகப் போடுகிறது. அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். அப்படியானால் அந்தப் பணம் எந்த வேலைக்கு என்று வரிவரியாகப் பிரித்து எழுதித்தரச் சொல்லுங்கள்.

கிடைக்காரர் மகன், இராமநாதபுரம்
அம்மா, உங்கள் இழப்பு பெரியது. ஆனால் அந்த ஆடுகள் செத்தது பதிவு எண் இல்லாததால் அல்ல, பனிக்கட்டி இல்லாததால். பதிவு பெற்ற மருத்துவரின் உதவியாளர் அதே தவறைச் செய்திருந்தாலும் அவை செத்திருக்கும். குளிர்ப்பெட்டியைப் பார் என்று சொல்லாமல் சான்றிதழைப் பார் என்று சொன்னால், சான்றிதழ் வைத்திருப்பவர் கட்டணத்தை உயர்த்துவாரே தவிர, ஆடு பிழைக்காது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்
தம்பி, குளிர்ப்பெட்டியைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பதிவின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. பதிவு பெற்றவர் தவறு செய்தால் மன்றத்தில் புகார் கொடுக்கலாம். குற்றம் உறுதியானால் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்க முடியும். பதிவு இல்லாதவர் தொலைபேசியை அணைத்துவிட்டால் முடிந்தது. இன்னொன்று, ஆடு இறந்து காப்பீடு கோரும்போது கால்நடை மருத்துவரின் சான்று கேட்பார்கள். அங்கே கீதாரியின் சொல் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் செல்லாது. வங்கிக் கடனில் வாங்கிய நூறு ஆடுகளுக்கு இது சிறிய விஷயமல்ல.

பண்ணைக்காரி, ஈரோடு
திரும்ப வாங்கிக்கொள்வோம் என்ற வாக்குறுதியைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் அதிகப் பயம் தருகிறது. பெருந்துறைப் பக்கத்தில் ஈமு கோழிக்கு இதே வாக்கைத்தான் கொடுத்தார்கள்: குஞ்சு எங்களுடையது, தீவனம் எங்களுடையது, மருத்துவமும் எங்களுடையது, வளர்த்தால் மட்டும் போதும். 2012இல் அது சரிந்தபோது எங்கள் உறவினர்கள் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் போனது. பறவைகள் தீவனமின்றிக் கிடந்தன. செம்மறிக்குச் சந்தை உண்டு, ஈமுவுக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதனாலேயே கேட்கிறேன்: வாரச்சந்தையில் அன்றே விற்கக்கூடிய குட்டிக்கு எதற்குத் திரும்ப வாங்கும் ஒப்பந்தம்? விலையை உயிர் எடையில் (உயிரோடு நிறுக்கும் எடையில்) கிலோவுக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்களா?

பரமத்தி விவசாயி
எல்லோர் சொன்னதையும் வைத்து நேற்று அவர்களிடம் கேட்டேன். பதிவு எண் கேட்டதற்கு மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழின் படம் வந்தது. மருத்துவர் தேவைப்படும்போது வருவாராம்; பெயர் சொல்லவில்லை. உயிர் எடை விலை ஒப்பந்தத்தில் இல்லை, “அப்போதைய சந்தை நிலவரப்படி” என்று இருக்கிறது. ஆனால் திட்ட விதிப்படி பயிற்சியோ அனுபவமோ வல்லுநரோ காட்ட வேண்டும், எங்களை விட்டால் மானியம் வராது என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்
அந்த விதி உண்மை. ஆனால் அதை நீங்களே நிறைவு செய்யலாம். நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, மேச்சேரி அருகே பொட்டனேரியில் உள்ள செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்திலோ பயிற்சி பற்றி விசாரியுங்கள். மேச்சேரி ஆட்டுக்கென்றே இயங்கும் நிலையம் உங்களுக்கு அவ்வளவு அருகில் இருக்கும்போது, மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழைக் காட்டுகிறவருக்கு 75,000 எதற்கு?

கிடைக்காரர் மகன், இராமநாதபுரம்
பயிற்சிக்குப் போங்கள், நல்லது. போகும்போது மேய்ப்பரையும் கூட அழைத்துப் போங்கள். இரவில் பட்டியில் இருக்கப்போகிறவர் அவர்தான். துள்ளுமாரி ஊசியை மழைக்கு முன்பே மருத்துவரை வைத்துப் போட்டுவிடுங்கள். அதில் ஐயாவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மேய்ப்பரின் சம்பளத்தைக் குறைத்து மருத்துவருக்கு மாதக் கட்டணம் கட்டச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மருத்துவருக்கு வருகைக்கு இவ்வளவு என்று கொடுங்கள், மேய்ப்பருக்கு மாதம் தவறாமல் கொடுங்கள்.