மௌனக் கார்ட்டூன்கள் ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகின்றன? எதைப் பார்த்து ரசிப்பது?

கரிக்கோடு:
1910, 20-களின் மௌனக் கார்ட்டூன்களை இணையத்தில் தேடிப் பார்க்கிறேன். எல்லாமே ஒரே ஓட்டமும் துள்ளலும். ஃபீலிக்ஸ் என்ற கருப்புப் பூனையின் ஒரே படம் ஓரிடத்தில் 6 நிமிடச் சொச்சம், இன்னோரிடத்தில் 9 நிமிடம். எது சரி? நகைச்சுவையும் பாதிக்கு மேல் பழசாகிவிட்டது. இவற்றை விரும்புகிறவர்கள் எதைப் பார்த்து விரும்புகிறார்கள்?

சுருள்பெட்டி:
முதலில் வேகத்தைச் சரி பண்ணுங்க, ரசனையைப் பிறகு பேசலாம். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனிப்படம். 600 அடிச் சுருளில் 9,600 ஃபிரேம் இருக்கும். நொடிக்கு 16 வீதம் ஓட்டினால் 10 நிமிடம், 18 என்றால் ஏறக்குறைய 9, 24 என்றால் 6 நிமிடம் 40 நொடி. நீங்கள் சொல்லும் வித்தியாசம் பெரும்பாலும் இதுதான். 24 என்பது பேசும்படம் வந்தபின் நிலைத்த கணக்கு.

மனிதர்கள் நடித்த படமென்றால் நடையை வைத்து வேகத்தை ஊகித்துவிடலாம். கார்ட்டூனில் அந்த வழி இல்லை, ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி நிறுத்தி எடுத்தது. அதனால் சுருளின் நீளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எமில் கோலின் 'ஃபாண்டாஸ்மகோரி' (1908) 36 மீட்டர். 16-இல் ஓட்டினால் 2 நிமிடத்துக்குச் சற்றே குறையும். 1 நிமிடம் 20 நொடிக்குள் முடிகிற வீடியோ 24-இல் ஓட்டியது.

நீளம் தெரியாவிட்டால் வி.எல்.சி. என்ற வீடியோ மென்பொருளில் படத்தை நிறுத்தி, ஆங்கில 'E' விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். நாலு ஃபிரேமில் ஒன்று முந்தையதன் நகலாக வந்தால், 18-ஐ 24-க்கு நீட்டி ஏற்கெனவே சரி செய்திருக்கிறார்கள், கை வைக்க வேண்டாம். இங்கே ஒரு பொறி உண்டு. ஒரே ஓவியத்தை இரண்டு முறை படம்பிடிப்பது அன்றைக்கே வழக்கம். ஓவியம் அதே, தூசியும் கீறலும் வேறு என்றால் அது அந்தக் காலத்துக் கேமராக்காரர் செய்தது. தூசிகூட அசையாமல் நின்றால்தான் வீடியோ நகல். நகலே இல்லாத 24 ஃபிரேம் கோப்பை 0.75 வேகத்தில் ஓட்டுங்கள், 18 ஆகிவிடும். இரண்டு ஃபிரேம் ஒன்றோடொன்று கலந்து மங்கலாகத் தெரிந்தால் அந்தக் கோப்பு தேறாது, வேறு தேடுங்கள்.

ஒளிமேசை:
எல்லாவற்றுக்கும் 0.75 போட்டுவிடாதீர்கள். 20-களின் கடைசியில் தியேட்டர்களே 20-க்கு மேல் ஓட்டின. 1928 ஃபீலிக்ஸை 18-க்கு இழுத்தால் பூனை தூங்கி வழியும்.

எதைப் பார்ப்பது என்றால், வரைந்த கோடுகளைப் பாருங்கள். வின்சர் மெக்கேயின் 'கெர்ட்டி' (1914) டைனோசரில் பின்னால் இருக்கும் பாறையும் ஏரிக்கரையும் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கான மெல்லிய தாள்களில் உருவம் மட்டுமல்ல, பின்னணியும் ஒவ்வொரு தாளிலும் கையால் திரும்ப வரையப்பட்டது. பின்னணியை நகலெடுக்கவே ஜான் ஃபிட்ஸிம்மன்ஸ் என்ற உதவியாளர் இருந்தார். அந்த நடுக்கம் உழைப்பின் தடம். மென்பொருள் போட்டு 'ஸ்டெபிலைஸ்' செய்து வழவழப்பாக்கிய பதிப்புகளில் முதலில் செத்துப்போவது அதுதான். என்னைக் கேட்டால் அவற்றைப் பார்ப்பதற்குச் சும்மா இருக்கலாம்.

திரும்பத் திரும்ப வரையும் இந்தச் சிரமத்தைத் தவிர்க்கத்தான் எர்ல் ஹர்ட் செல்லுலாய்டு என்ற கண்ணாடி போன்ற தாள் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். உருவம் செல்லுலாய்டில், பின்னணி அடியில். ஃபீலிக்ஸ் செய்த ஸ்டூடியோவிலோ தலைகீழ்: பூனை காகிதத்தில், பின்னணிக் கோடுகள் அதன்மேல் வைத்த செல்லுலாய்டில். மேலே கிடக்கும் கோடு உருவத்தின் மீது விழுந்தால் அசிங்கமாகத் தெரியும். அதனால்தான் அந்த உலகம் அவ்வளவு காலி: ஓர் அடிவானம், ஒரு வேலி, ஒரு வீடு. பூனை முழுக் கருப்பு என்பதால் கோடு அதன்மேல் விழுந்தாலும் தெரியாது. வெளிக்கோட்டு வேலை குறையும், அசைவும் எடுப்பாக இருக்கும் என்றுதான் ஃபீலிக்ஸை வரைந்த ஆட்டோ மெஸ்மர் கருப்பைத் தேர்ந்தார்.

அந்தக் காலியிடத்தில் கையில் கிடைப்பது கோடு மட்டும். வால் கைத்தடியாகும், தலைமேல் எழும் கேள்விக்குறி கொக்கியாகும். 'ஃபீலிக்ஸ் இன் ஹாலிவுட்' (1923) படத்தில் வாலைக் கைத்தடியாக்கிச் சாப்ளின் நடை நடக்கும் இடத்தைப் பாருங்கள், கார்ட்டூன் சாப்ளினே வந்து திருட்டுப்பட்டம் கட்டுவார்! நகைச்சுவை பழசாகிவிட்டது என்பதை இந்த வகைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கோகோ கோமாளி வேறு ரகம். டேவ் ஃபிளெய்ஷருக்குக் கோமாளி உடை மாட்டிப் படம்பிடித்து, ஒவ்வொரு ஃபிரேமாகக் கண்ணாடியில் விழவைத்து அதன்மேல் வரைந்தார்கள். மேக்ஸ் ஃபிளெய்ஷரின் ரோட்டாஸ்கோப் இதுதான், காப்புரிமை 1917. உடம்பின் கனம் கால் பாதத்தில் இறங்குவது தெரிந்தால் ரோட்டாஸ்கோப். கனமே இல்லாமல் கைகால் நீண்டு வளைந்தால் வெறும் கைவரைவு. ஒரே படத்துக்குள் இரண்டும் மாறிமாறி வரும், மாறும் இடத்தைப் பிடிப்பது தனி ருசி.

கரிக்கோடு:
அருமை. இன்னும் இரண்டு சந்தேகம். சில பிரதிகளில் தலைப்பு எழுத்து இடப்பக்கம் வெட்டுப்படுகிறது. சிலவற்றில் எழுத்து அட்டை மின்னி மறைகிறது, படிக்கவே முடியவில்லை.

சுருள்பெட்டி:
இடப்பக்க வெட்டு என்றால் பின்னால் ஒலி சேர்த்த பிரதி. மௌனப்படத்தின் சட்டகம் முழு அகலம், ஒலித்தடத்துக்கு இடம் விட இடது ஓரத்தை மறைத்துவிட்டார்கள். ஃபீலிக்ஸ் படங்கள் பல 1930 வாக்கில் இப்படி ஒலியோடு மறுவெளியீடு கண்டவை. இசையும் அப்போது ஒட்டியதுதான், ஒலியை அணைத்துவிட்டே பாருங்கள்.

மின்னி மறையும் அட்டை பெரும்பாலும் பாத்தே நிறுவனத்தின் 9.5 மி.மீ. வீட்டுப் பிரதியிலிருந்து வந்திருக்கும். ஃபிலிமை மிச்சப்படுத்த அட்டைக்குச் சில ஃபிரேம் மட்டும் கொடுத்து, ஓரத்தில் ஒரு வெட்டு வைப்பார்கள். புரொஜெக்டர் அதில் தட்டியதும் சில நொடி நின்றுவிடும். ஸ்கேனருக்கு அந்த வெட்டு தெரியாது. நிறுத்திப் படியுங்கள், வேறு வழியில்லை.

ஆனாலும் வீட்டுப் பிரதிகளை இளக்காரம் செய்ய வேண்டாம். தியேட்டர் பிரதிகள் நைட்ரேட் என்ற வகை ஃபிலிம், எளிதில் எரியும், பிசுபிசுத்துப் பொடியாகும். வீட்டுக்கு விற்றவை எரியாத ஃபிலிம். டிஸ்னியின் ஆஸ்வால்ட் முயல் படம் 'நெக் அண்ட் நெக்' (1928), 16 மி.மீ.யில் சுமார் 2 நிமிடத் துண்டாக ஜப்பானில் 2018-இல் அடையாளம் காணப்பட்டது, அதுவும் மிக்கி என்று பெயர் ஒட்டிய பெட்டியில்!

ஒளிமேசை:
கெர்ட்டிக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்திலிருந்து தொடங்குங்கள். 1900 முதல் 1921 வரையிலான அமெரிக்க அனிமேஷன் தொகுப்பு ஒன்று அங்கே இலவசமாகக் கிடைக்கிறது.