பழைய கேஸ் பைப்பில் ஹைட்ரஜன்: பிரஷர் இறங்குகிறது, டிடெக்டர் பூஜ்யம் காட்டுகிறது

முத்து_சூரத்:
வணக்கம். சூரத் பக்கம் வீட்டு கேஸ் இணைப்பு வேலையில் இருக்கிறேன். 2023 ஜனவரியில் இங்கே கவாஸில் என்டிபிசி மின் நிறுவனக் குடியிருப்பின் கேஸில் 5 சதவீதம் ஹைட்ரஜன் கலக்க ஆரம்பித்தார்கள். நாளை எங்கள் லைனுக்கும் வரலாம் என்று, பயிற்சி யார்டில் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் லூப்பில் சுத்த ஹைட்ரஜனை 1 பாரில் அடைத்து வைத்தோம். காலையில் 40 மில்லிபார் குறைந்திருந்தது. அகச்சிவப்பு வகை டிடெக்டரை எல்லா ஜாயிண்ட்டிலும் காட்டினேன், பூஜ்யம். இரும்பு வழியாகவே ஹைட்ரஜன் போகிறதா? பைப்பை மாற்ற வேண்டுமா?

செல்வி_கருவியியல்:
முதலில் அந்த டிடெக்டரைக் கீழே வையுங்கள். மீத்தேன் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும், ஹைட்ரஜன் உறிஞ்சாது. லீக் எவ்வளவு இருந்தாலும் அது பூஜ்யம்தான் காட்டும். வாயுவைச் சின்னதாக எரித்து அளக்கும் கேடலிட்டிக் வகையோ, ஹைட்ரஜனுக்கென்றே உள்ள சென்சரோ வேண்டும். அதுவரை சோப்புத் தண்ணீர் போதும். இன்னொன்று: காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை தீப்பிடிக்கும், ஹைட்ரஜன் 4 முதல் 75 வரை. மிகச் சின்னப் பொறியே போதும். மேலே கூரை இருந்தால் அங்கே போய்த் தேங்கும். தயவுசெய்து திறந்த வெளியில் மட்டும் சோதியுங்கள். இரவில் வெப்பம் எவ்வளவு இறங்கியது?

முத்து_சூரத்:
மாலை 31, காலை 26 டிகிரி, மேடம்.

செல்வி_கருவியியல்:
சரி. கேஜில் 1 பார் என்றால், வெளிக் காற்றழுத்தத்தையும் சேர்த்து உள்ளே மொத்தம் 2 பார். வெப்பம் இறங்கினால் லீக் இல்லாமலே அழுத்தமும் இறங்கும். ஒரு டிகிரிக்கு 6.6 மில்லிபார் போகும், 5 டிகிரிக்கு 33. நிஜமான லீக் மிச்சம் 7 மில்லிபார்தான்.

ரஹீம்_சிங்கப்பூர்:
தம்பி, இங்கே நான் பார்க்கும் டவுன் கேஸில் (குழாயில் வரும் நகர எரிவாயு) ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன். பல வருடமாக வீட்டு பைப்பில்தான் ஓடுகிறது. இந்த அழுத்தத்தில் இரும்புச் சுவர் வழியாகப் போவது கணக்கிலேயே வராது. மரை, யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), வால்வு கிளாண்ட் (வால்வுத் தண்டைச் சுற்றிய அடைப்பு), இவற்றைப் பாருங்கள். சணல் சுற்றிய பழைய மரை என்றால் அதுதான் முதல் சந்தேகம், காய்ந்தால் சுருங்கிவிடும். ஹைட்ரஜனால் எஃகு நொறுங்கும் என்கிற பயம் உயர் அழுத்தப் பெரிய லைன்களுக்கானது. பிளாஸ்டிக் பைப்பில் மீத்தேனைவிட நாலைந்து மடங்கு ஊடுருவும், ஆனால் அந்த அளவே மிகச் சிறியது.

அப்புறம், வேகமாகச் சீறும் ஓட்டையில் ஹைட்ரஜன் மீத்தேனைப்போல் 2.8 மடங்கு கன அளவு வெளியேறும். மரை இடுக்கின் மெல்லிய கசிவில் சுமார் 1.2 மடங்குதான். 5 சதவீதக் கலவையில் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம். ஜாயிண்ட்டைத் திறப்பதற்கு முன் நைட்ரஜன் விட்டு உள்ளே இருப்பதை முழுக்க வெளியேற்றுங்கள், இதை மட்டும் தவிர்க்கவே கூடாது.

முத்து_சூரத்:
மீட்டருக்கு முன்னால் உள்ள யூனியனில் குமிழி வந்தது, ஒரு வால்வு கிளாண்டிலும். நைட்ரஜன் விட்டுக் கழற்றி, டேப் சுற்றி மாட்டினோம். இப்போது இறங்குவது வெப்பக் கணக்கோடு ஒத்துப் போகிறது. ரொம்ப நன்றி அண்ணே, நன்றி மேடம். 5 சதவீதக் கலவை வந்தால் இந்த அகச்சிவப்பு டிடெக்டர் உதவாதா?

செல்வி_கருவியியல்:
உதவும். மிச்சம் 95 சதவீதத்தில் பெரும்பாலும் மீத்தேன்தானே, அதைக் காட்டும், கொஞ்சம் குறைத்துக் காட்டும். சுத்த ஹைட்ரஜன் ஏற்றும் யார்டில் மட்டும் அதை நம்பாதீர்கள். அங்கே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தால் ஹைட்ரஜனுக்கும் அடிக்கலாம், அதையும் ஃபிட்டர்களிடம் சொல்லி வையுங்கள்.