எஸ்பிரெஸ்ஸோவுக்கு மின் கிரைண்டர்: ஒரு கிளிக்குக்கும் அடுத்த கிளிக்குக்கும் நடுவில் இடமே இல்லை, எதை வாங்கலாம்?

நுரைமேகம்:

வணக்கம். எஸ்பிரெஸ்ஸோ மெஷின் கைக்குப் பழகிவிட்டது, கிரைண்டர்தான் படுத்துகிறது. மெஷினோடு கொடுத்த இரட்டைச் சுவர் பாஸ்கெட் (பொடி போடும் சல்லடைக் கிண்ணம்) இருந்தவரை எந்தப் பொடியைப் போட்டாலும் மேலே நுரை கட்டி ஏதோ ஒரு காபி இறங்கிக்கொண்டிருந்தது. ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கு மாறியதும் கிரைண்டரின் வண்டவாளம் வெளியே வந்துவிட்டது.

இப்போது இருப்பது பேப்பர் ஃபில்டர் காபிக்கென்று வாங்கிய கூம்பு பர் (கொட்டையை அரைக்கும் பல் வைத்த உலோகத் துண்டு) கிரைண்டர், அரைக்கும் அளவை மாற்றக் கிளிக் கிளிக்காகத் திரும்பும் வகை. 18 கிராம் பொடிக்கு 36 கிராம் காபி என்று கணக்கு வைத்தால், ஒரு எண்ணில் 16 விநாடியிலேயே மொத்தமும் கொட்டிவிடுகிறது, பல் கூசும் புளிப்பு. ஒரே ஒரு கிளிக் நைசாக்கினால் 50 விநாடி ஆகியும் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது, வாயெல்லாம் கசப்பு. பொடியை அமுக்கும் டேம்பரை இன்னும் ஓங்கி அழுத்திப் பார்த்தேன், பெரிதாக எதுவும் மாறவில்லை.

சரி, புது மின் கிரைண்டரே பார்க்கலாம் என்றால் படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறது. தட்டை பர்ரா, கூம்பு பர்ரா? மேலே ஹாப்பர் (கொட்டையை நிரப்பி வைக்கும் தொட்டி) வைத்ததா, ஒவ்வொரு முறையும் கொட்டையை எடை போட்டு அரைக்கிற வகையா? 64 மில்லிமீட்டர் பர்ருக்குக் கீழே போகவே கூடாது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். நான் பெரும்பாலும் பால் சேர்த்துக் குடிப்பேன், விடுமுறை நாளில் பாலில்லாமல். நடுத்தர வறுவல்தான் வழக்கம், எப்போதாவது இள வறுவல். விடியற்காலையில் மற்றவர்கள் தூங்கும்போது அரைக்க வேண்டியிருப்பதால் சத்தமும் ஒரு கவலை. கையால் சுற்றுவது மட்டும் வேண்டாம்.


மைக்ரான்:

பிரச்சினையை நீங்களே சரியாகப் பிடித்துவிட்டீர்கள், நடுவில் இடமில்லை என்பதுதான் விஷயம். கிரைண்டர் தேர்வில் நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான், பர் வடிவமெல்லாம் அப்புறம்.

மெஷின் ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளுகிறது, அதை எதிர்த்து நிற்க பாஸ்கெட்டில் இருக்கும் பொடியை விட்டால் வேறொன்றும் இல்லை. எஸ்பிரெஸ்ஸோப் பொடி பெரும்பாலும் 200 முதல் 400 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைக்குள் இருக்கும், அதில் கொஞ்சம் நகர்ந்தாலே ஓட்டம் தலைகீழாக மாறும். பேப்பர் ஃபில்டரில் தண்ணீர் தன் எடையில் இறங்குகிறது, அங்கே ஒரு கிளிக் அவ்வளவாகத் தெரியாது, எஸ்பிரெஸ்ஸோவில் அதே ஒரு கிளிக் 30 விநாடியை விழுங்கிவிடும். டேம்பரை ஓங்கி அழுத்தியும் மாறாததற்குக் காரணம், பொடி ஒரு கட்டத்துக்கு மேல் அமுங்காது. அதனால் அந்த வேலையை டேம்பரால் செய்ய முடியாது, கிரைண்டர்தான் செய்ய வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: எஸ்பிரெஸ்ஸோ எல்லைக்குள் எத்தனை நிலைகள் இருக்கின்றன? மொத்தம் எத்தனை கிளிக் என்று பெட்டியில் போட்டிருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பராட்ஸா என்கோர், என்கோர் இ.எஸ்.பி. என்ற இரண்டு கிரைண்டர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் 40 எண்கள்தான். ஆனால் 2023-இல் வந்த இ.எஸ்.பி.யில் 1 முதல் 20 வரை எஸ்பிரெஸ்ஸோவுக்கென்று மிகச் சிறிய படிகள், 21-க்கு மேல் பெரிய படிகள். பழையதில் எல்லாப் படியும் ஒரே அளவு, அதனால் எஸ்பிரெஸ்ஸோப் பக்கம் உருப்படியாகச் சில கிளிக்குகள்தான் தேறும். யுரேகா மின்யோன் கிரைண்டர் வரிசையில் படியே கிடையாது, திருகு மெதுவாகச் சுற்றி பர்ரை நகர்த்துகிறது, மயிரிழை அளவுக்கு மாற்றலாம். ஆனால் அதே கிரைண்டரை பேப்பர் ஃபில்டருக்கும் எஸ்பிரெஸ்ஸோவுக்கும் மாற்றி மாற்றி வைக்க வேண்டுமென்றால் சுற்றிச் சுற்றிக் கை சலித்துவிடும், பழைய இடத்துக்குத் திரும்ப எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். உங்களிடம் பழைய கிரைண்டர் இருக்கிறது, அதை ஃபில்டருக்கே விட்டுவிட்டு இதை எஸ்பிரெஸ்ஸோவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எப்படிப் பார்த்தாலும் நல்லது.

அடுத்தது உள்ளே தங்கும் பொடி. பலரும் இதைக் கவனிப்பதில்லை. பர்ருக்கும் பொடி விழும் வாய்க்கும் நடுவில் 2, 3 கிராம் பழைய பொடி தங்கும் கிரைண்டரில் நீங்கள் அளவை மாற்றினால், அடுத்து வரும் 18 கிராமில் ஒரு பங்கு பழைய அளவில் அரைத்தது. ஷாட் (ஒரு முறை இறக்கும் எஸ்பிரெஸ்ஸோ) சரியாக வரவில்லை என்று இன்னும் திருப்புவீர்கள், அதற்கடுத்த ஷாட் எல்லை தாண்டிப் போய்விடும். ஹாப்பர் வைத்த கிரைண்டரில் அளவை மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், காலையில் முதல் ஷாட்டுக்கும் அப்படியே. ஒரே கொட்டையை, ஒரே அளவில், நாளைக்கு நாலைந்து கோப்பை போடுகிற வீடு என்றால் ஹாப்பர்தான் வசதி, பொத்தானை அழுத்தினால் நேரக் கணக்கில் போர்ட்டாஃபில்டரில் (பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடி) விழுந்துவிடும். நீங்கள் கொட்டையை மாற்றி மாற்றிக் குடிப்பவர் போலத் தெரிகிறது, அதனால் எடை போட்டு அரைக்கும் வகையைத்தான் சொல்வேன்.

அதிலும் ஒரு தொல்லை உண்டு, நிலைமின்சாரம். பொடி வாயில் ஒட்டும், கிண்ணத்தின் சுவரில் ஏறும், மெல்லிய தோல் துணுக்குகள் மேடையெல்லாம் பறக்கும். கரண்டியின் காம்பைத் தண்ணீரில் தொட்டு, எடை போட்ட கொட்டைக்குள் ஒரு சுற்று கிளறிவிட்டு அரைத்துப் பாருங்கள், பொடி சொன்ன பேச்சைக் கேட்டுக் கீழே விழும். 2023-இல் ஒரிகான் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஹென்டன் குழு இதை ஆய்வுக்கூடத்திலேயே அளந்து பார்த்தது, சிறிது தண்ணீர் சேர்த்தால் அரைக்கும்போது உருவாகும் மின்னேற்றம் வெகுவாகக் குறைகிறது, பொடி கட்டி கட்டுவதும் குறைகிறது. சொட்டு என்றால் சொட்டுதான், கொட்டை நனைகிற அளவுக்குப் போகாதீர்கள்.


கூம்புக்கட்சி:

மைக்ரான் சொன்னதில் ஏறக்குறைய எல்லாமே சரி. ஆனால் தட்டையா கூம்பா என்பதை அவர் தொடவில்லை, அதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

தட்டை பர் என்பது திரிகைக் கல் போல, வட்டமான இரண்டு தட்டுகள் எதிரெதிரே. கூம்பில் ஒரு வளையத்துக்குள் ஒரு கூம்பு சுற்றும். பொதுவாகச் சொன்னால், கூம்பில் அரைத்த பொடியில் மிக நைசான துகளும் கூடவே வரும், காபி கெட்டியாக, உருண்டு திரண்டு இருக்கும். தட்டையில் துகள்களின் அளவு அவ்வளவு சிதறாது, சுவைகள் தனித்தனியாகத் தெரியும். இள வறுவலைப் பாலில்லாமல் குடிப்பவருக்கு அந்தத் தெளிவு பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பால் சேர்த்த பிறகு அந்த நுணுக்கமெல்லாம் எங்கே போகிறது? பாலைத் தாண்டி நாக்குக்கு எட்ட வேண்டியது கெட்டித்தன்மையும் இனிப்பும்தான், அதைக் கூம்பு தாராளமாகக் கொடுக்கும். நீச் ஸீரோ என்ற கிரைண்டரில் இருப்பது 63 மில்லிமீட்டர் கூம்பு, எடை போட்டு அரைக்கும் வகை, உள்ளே தங்குவது மிகவும் குறைவு. இத்தனை பேர் வீட்டில் அது வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருப்பது சும்மா இல்லை.

64 மில்லிமீட்டர் பற்றி: பர் பெரிதானால் சீக்கிரம் அரையும், டி.எஃப். 64 மாதிரி 64 மி.மீ. தட்டை பர் கிரைண்டர்களில் வேறு வகை பர்ரை வாங்கி மாட்டவும் நிறைய வழி இருக்கிறது. அதற்காக அந்த எண்ணைத் தகுதிச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு தட்டுகளும் இணையாக உட்கார்ந்திருக்காவிட்டால் 64 என்ன, 98 என்ன, ஒரு பக்கம் நைசாகவும் மறுபக்கம் கொரகொரப்பாகவும்தான் வரும். நன்றாகப் பொருந்திய 50, 55 மி.மீ. பர் அதைவிட எவ்வளவோ மேல். கூம்பு அளவையும் தட்டை அளவையும் நேருக்கு நேர் ஒப்பிடவும் கூடாது, அரைக்கும் பரப்பே வேறு வேறு.

பிளேடு வைத்த மிக்ஸி வகைகளை மட்டும் விலை பார்த்து எடுத்துவிடாதீர்கள். அது அரைப்பதில்லை, வெட்டிப் போடுகிறது. தூளும் கட்டியும் கலந்து கிடக்கும், எஸ்பிரெஸ்ஸோவுக்கு ஆகவே ஆகாது.


விடியல்ஷாட்:

சத்தம் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கும் அதே நிலைமை என்பதால் சொல்கிறேன்.

சத்தம் இரண்டு இடத்திலிருந்து வரும். ஒன்று மோட்டார், இன்னொன்று கொட்டை உடைவது. இரண்டாவதை ஒன்றும் செய்ய முடியாது, இள வறுவல் கல் மாதிரி இருக்கும், படபடவென்று உடையத்தான் செய்யும். மோட்டாரில்தான் வித்தியாசம். கியர் வைத்த கூம்பு கிரைண்டர்கள் நிமிடத்துக்கு 300 முதல் 600 சுற்று வரை போகும், மோட்டாரோடு பர் நேரடியாக இணைந்த தட்டை வகையில் 1400 அளவில் இருக்கும். மெதுவாகச் சுற்றுவது எல்லாமே அமைதி என்று நினைத்துவிட வேண்டாம், சில மலிவான கியர்பெட்டிகள் கீச்சென்று இழுக்கிற இழுப்பு கதவு தாண்டிக் கேட்கும். எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், எட்டுப் பத்து விநாடியில் முடிகிற உரத்த சத்தத்தை அரை நிமிடம் இழுக்கிற நடுத்தரச் சத்தத்தைவிடத் தூங்குகிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், என் வீட்டில் அப்படித்தான். அடியில் தடியான ரப்பர் விரிப்பு போட்டால் மேடை அதிர்வது நன்றாகக் குறையும். முந்தின இரவே அரைத்து வைக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள், வாசமும் போய்விடும், பொடியிலிருந்து வாயுவும் வெளியேறிவிடும், காலையில் ஷாட் வேகமாக ஓடிப்போகும்.

வாங்குமுன் இரண்டு விஷயம் கட்டாயம் பாருங்கள். பர்ரைத் தனியாக வாங்க முடிகிறதா? சுத்தம் செய்யத் திறந்தால் வைத்திருந்த அளவு கலையாமல் இருக்கிறதா? முன்பு நான் வைத்திருந்த ஒன்றில் பர்ரைத் தாங்கும் பிளாஸ்டிக் வளையம் உடைந்து, அந்தச் சின்னத் துண்டு எங்கும் கிடைக்காமல் முழு கிரைண்டரும் மூலைக்குப் போனது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் மின்னழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள், 110 வோல்ட் மாடலை 230-இல் சொருகினால் கதை முடிந்தது. அப்புறம், சுத்தம் செய்கிறேன் என்று அரிசி போட்டு அரைக்காதீர்கள். காபிக்கொட்டையைவிட அது கடினம், மோட்டார் நின்றுபோகும். பிரஷும் வாக்யூமும் போதும்.


நுரைமேகம்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பழையதை ஃபில்டருக்கே ஒதுக்கிவிட்டு, படியில்லாத கூம்பு பர், எடை போட்டு அரைக்கிற வகை என்று முடிவு செய்துவிட்டேன். பால்தான் அதிகம் என்பதால் கூம்புக்கட்சி சொன்னது பொருத்தமாகப் படுகிறது. புதிதாக வந்தவுடன் அளவை எப்படிப் பிடிப்பது? ஏற்கெனவே பயன்படுத்தியது ஒன்றும் பார்வையில் இருக்கிறது, அதை எடுக்கலாமா?


மைக்ரான்:

நல்ல முடிவு. அளவு பிடிக்க இப்படிச் செய்யுங்கள்: கொட்டை போடாமல் மோட்டாரை ஓடவிட்டு மெதுவாக நைஸ் பக்கம் திருப்புங்கள், பர்கள் லேசாக உரசிக் கிரீச்சிடும் இடம்தான் பூஜ்யம். கேட்டதும் உடனே கொஞ்சம் பின்னால் வந்துவிடுங்கள், அங்கிருந்து எண்ணிக்கொள்ளலாம். கொட்டை உள்ளே இருக்கும்போது நைஸ் பக்கம் திருப்புவதானால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நிறுத்திவைத்துத் திருப்பினால் நடுவில் சிக்கிய துகள் பர்ரை இறுக்கிவிடும்.

பொடி 18, காபி 36 என்பதை மாற்றாமல் வைத்துக்கொண்டு அரைக்கும் அளவை மட்டும் மாற்றுங்கள், 25 முதல் 30 விநாடிக்குள் வந்ததும் கடிகாரத்தை விட்டுவிட்டு நாக்கைக் கேளுங்கள். புளித்தால் கொஞ்சம் நைஸ், கசந்தால் கொஞ்சம் கொரகொரப்பு. ஆனால் மெதுவாகவும் ஓடி, புளிப்பும் கசப்பும் சேர்ந்தே வந்தால் இன்னும் நைசாக்காதீர்கள், அங்கே தண்ணீர் பொடிக்குள் சமமாகப் போகாமல் ஏதோ சந்து பிடித்து ஓடுகிறது. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்விலும், ஹென்டன் அதிலும் இருந்தார், ஓர் எல்லைக்கு மேல் நைசாக்கினால் காபியிலிருந்து சாறு இறங்குவது கூடாமல் குறைகிறது என்றே கண்டார்கள். மெல்லிய ஊசிகளால் பொடியைக் கிளறிச் சமப்படுத்தும் முறையை ஜான் வைஸ் 2005-இல் சொன்னார், டேம்பர் வைக்குமுன் அதைச் செய்து பாருங்கள், பாதி சந்துகள் அடைபட்டுவிடும்.

புது பர் முதல் சில கிலோ வரை நிலையாக இருக்காது. பிடித்த அளவு மெல்ல நகர்ந்துகொண்டே போனால் பதற வேண்டாம், கூடவே நீங்களும் திருப்பிக்கொண்டே போகலாம். வறுத்து ஒன்றிரண்டு வாரம் ஆன கொட்டையை வைத்துப் பழகுங்கள். நேற்று வறுத்ததிலும் மாதக்கணக்கில் கிடந்ததிலும் அளவு பிடித்தால் அடுத்த பாக்கெட்டுக்கு அது உதவாது.


கூம்புக்கட்சி:

பயன்படுத்தியதைத் தாராளமாக எடுக்கலாம், கிரைண்டரில் தேய்வது பெரும்பாலும் பர்தான், அதை மாற்றிவிடலாம். போய்ப் பார்க்கும்போது மேல் பர்ரைக் கழற்றச் சொல்லுங்கள். விளிம்பில் நகத்தை மெல்ல இழுத்தால் சுரண்ட வேண்டும், வழுக்கிக்கொண்டு போனால் பர் முடிந்துவிட்டது, விலையில் புது பர்ருக்கான பணத்தைக் கழித்துக் கேளுங்கள். நடு அச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது, அதைத் தொடாமல் வந்துவிடுங்கள்.