பெல்லா சியாவ்: வயல் பாட்டா, மலைப் பாட்டா?

ராகப்பித்து:
மணி ஹெய்ஸ்ட் தொடர் பார்த்ததிலிருந்து ‘பெல்லா சியாவ்’ என்ற இத்தாலியப் பாட்டு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. தேடினால் ஒருவர் நெல் வயலில் களை பறித்த பெண்களின் பாட்டு என்கிறார், இன்னொருவர் முசோலினி ஆட்களையும் நாஜிகளையும் எதிர்த்து மலையில் சண்டை போட்ட பார்ட்டிசான்களின் பாட்டு என்கிறார். எது முதலில்?

பழைய இசைத்தட்டு:
வயல்தான். வட இத்தாலியில் தண்ணீருக்குள் நின்று நாள் முழுக்கக் குனிந்து களை எடுத்த பெண்கள். கொசுக்கடி, கம்போடு நிற்கும் கங்காணி எல்லாம் அந்த வரிகளில் உண்டு. வயலில் வேலை பார்த்த ஜொவான்னா தஃபீனியே 1962-ல் பாடிப் பதிவாகியிருக்கிறது. போராளிகள் வார்த்தையை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

குறுக்குக்கேள்வி:
அங்கேதான் இடிக்கிறது. தஃபீனி வாழ்ந்த குவால்தியேரி ஊரைச் சேர்ந்த வாஸ்கோ ஸ்கன்சானி, அந்த வயல் வரிகளை 1951-ல் நான்தான் எழுதினேன் என்று 1965-ல் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். போர் முடிந்தது 1945-ல், கணக்குப் போட்டுப் பாருங்கள், அவர் சொல்வது சரியென்றால் பார்ட்டிசான்களின் வரிகள்தான் முந்தியவை. மெட்டு பழசுதான், அதற்கும் பாடும்போது தட்டும் கைதட்டலுக்கும் வேர் ஒரு குழந்தைப் பாட்டில் இருக்கிறது என்பார்கள். இன்னொன்று, பார்ட்டிசான்கள் அதிகம் பாடியது இதை இல்லை, ‘ஃபிஸ்கியா இல் வெந்தோ’வைத்தான். ஃபெலிசே காஷோனே என்ற டாக்டர், ரஷ்யக் ‘கத்யூஷா’ பாட்டின் மெட்டில் எழுதியது.

ராகப்பித்து:
அப்போ அதிகம் பாடாத பாட்டு எப்படி ஜெயித்தது?

குறுக்குக்கேள்வி:
காஷோனே பாட்டில் கம்யூனிஸ்ட் சிவப்பு தூக்கல், மெட்டும் ரஷ்யாவுடையது. மலையில் இருந்ததோ கம்யூனிஸ்ட், சோஷலிஸ்ட், கத்தோலிக்கர், மன்னர் பக்கம் நின்றவர்கள் என்று கலவையான கூட்டம். பெல்லா சியாவில் கட்சி வாடையே இல்லை. ஒருவன் காலையில் கண் விழிக்கிறான், ஊருக்குள் எதிரி. செத்தால் மலைமேல் ஒரு பூவின் நிழலில் புதை என்கிறான். போருக்குப் பிறகு இதை யார் வேண்டுமானாலும் கூச்சமில்லாமல் பாடலாம் இல்லையா. 1964-ல் இத்தாலியின் ஸ்போலேத்தோ கலை விழாவில் இதே பெயரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது, அதில் ராணுவ அதிகாரிகளைத் துரோகிகள் என்று திட்டும் வேறொரு முதல் உலகப் போர்ப் பாட்டால் அரங்கில் ஒரே ரகளை, அந்த ரகளையிலேயே இந்தப் பெயரும் பரவிவிட்டது. இத்தாலியின் ஏப்ரல் 25 விடுதலை நாளில் இன்றும் பாடுகிறார்கள், வலதுசாரிகளில் சிலர் இன்றும் முகம் சுளிக்கிறார்கள். 2022-ல் ஈரான் போராட்டத்தின்போது பாரசீகத்திலும் ஒலித்தது.

பழைய இசைத்தட்டு:
சரி, 1951 விஷயம் எனக்குப் புதுசு. ஆனாலும் தஃபீனி குரலில் ஒரு தடவை கேளுங்கள், வயலில் பிறந்த பாட்டு என்று நீங்களும் சத்தியம் செய்வீர்கள்.