புதுப்பிப்பு: மழையில் முட்டுக்காடு போனோமா?

போன வாரம் கேட்டிருந்தேனே, ஞாயிறு காலை சென்னைக்குத் தெற்கே கடலோரக் கழியான முட்டுக்காட்டில் கயாக் (சிறு துடுப்புப் படகு) ஓட்டத் திட்டம், வானிலைச் செயலி மழை என்கிறது, போகலாமா என்று. "எப்படியும் நனையத்தானே போறீங்க" என்று பாதிப் பேர் சொன்னீர்கள். போனோம்.

நனைவது பிரச்சினையே இல்லை. ஆறு மணிக்குச் சன்னமான தூறல். தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாகவே இருந்தது. யோசிக்க வைத்தது பாலத்தின் அடிப்பக்கம்தான். தூண்களைச் சுற்றி நுரை சுழித்தது. ஒரு தென்னை மட்டை, நான் நடப்பதைவிட வேகமாகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரத்து மணல்திட்டு உடைந்துவிட்டால், உள்ளே தேங்கிய வெள்ளம் இப்படித்தான் வடியும். அதனால் பாலத்துப் பக்கமே போகாமல் மேற்கே ஒதுங்கிக்கொண்டோம். முதலில் வாடைக்காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டோம், களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிவிடும் என்று.

நாற்பது நிமிடம்கூட ஆகியிருக்காது, தூரத்தில் ஓர் உறுமல். உடனே கரை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது விதி. இருபதாவது நிமிடத்தில் மறுபடி இடித்தது, கணக்கு மறுபடி முதலிலிருந்து. அப்புறம் விட்டுவிட்டோம்.

பருத்தி டி-சர்ட் நனைந்தால் குளிரும், வேண்டாம் என்று எச்சரித்தவருக்கு ஒரு கும்பிடு. கேட்காமல் போட்டுப் போனேன். டீக்கடையில் கிளாஸ் கையில் நிற்கவில்லை, அப்படி ஒரு நடுக்கம்.