ஆக்சிலேட்டரை விட்டாலும் ஐடிலிங் உடனே இறங்கவில்லை: மிக்சர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

கேள்வி:

என் தந்தை ஓட்டிய, 30 ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் வண்டியை நான்கு மாதம் நிறுத்தி வைத்திருந்து, இப்போது மீண்டும் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஆன பிறகும் சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்குக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் பிடியை) எடுத்தால் அணைந்துவிடுகிறது. நன்றாகச் சூடேறிய பிறகு ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜின் வேகம் மூன்று நான்கு நொடி அப்படியே நின்று, பிறகுதான் மெல்ல இறங்குகிறது. சரிவில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு இறங்கும்போது சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது. பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி, கார்புரேட்டரின் பக்கவாட்டில் உள்ள சிறிய பித்தளை ஸ்க்ரூவை ஒரு முழுச் சுற்று வெளிப்பக்கமாகத் திருப்பினேன். மூன்று தொல்லைகளும் முன்பைவிட அதிகமாகிவிட்டன. நான் எங்கே தவறு செய்தேன் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்:

பெட்ரோல் போதவில்லை என்ற உங்கள் ஊகம் சரியானது. திருப்பிய பக்கம்தான் தவறு என்று நினைக்கிறேன். நீங்கள் திருப்பிய மிக்சர் ஸ்க்ரூ, அதாவது ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது) காற்று, பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூ, இரண்டு வகைப்படும். ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கத்தில், அதாவது ஆக்சிலேட்டர் ஸ்லைடுக்கு (ஆக்சிலேட்டரைத் திருப்பும்போது உயர்ந்து காற்றுவழியைத் திறக்கும் பாகத்துக்கு) முன்னால் அது அமைந்திருந்தால், பைலட் ஜெட்டுக்குப் (ஐடிலிங்கில் பெட்ரோல் தரும் சிறு துளைக்கு) போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்க்ரூ. அதை வெளியே திருப்பத் திருப்பக் காற்று கூடும், கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். ஸ்லைடுக்குப் பின்னால், இன்ஜின் பக்கத்தில் இருந்தால், பெட்ரோலும் காற்றும் ஏற்கெனவே கலந்து வருவதை உள்ளே விடும் ஸ்க்ரூ. அதை வெளியே திருப்பினால் கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும். பழைய ஆமல், மிகுனி வி.எம். வகை கார்புரேட்டர்களில் பெரும்பாலும் முதல் வகையையும், பின்னால் வந்த சி.வி. வகைகளில் இரண்டாவதையும் காணலாம். ஆகவே "வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும்" என்று யாராவது பொதுவாகச் சொன்னால், ஸ்க்ரூ எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் அதை நம்பாதீர்கள்.

உங்களுடையது ஏர் ஸ்க்ரூ என்றால் இப்படிச் செய்து பாருங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்தானது; எனவே மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்க்ரூவை உள்ளே திருப்பி, அது லேசாகத் தட்டுப்படும் வரை எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். திருப்புளியை இரண்டு விரலால் மட்டும் பிடியுங்கள், ஏனென்றால் முறுக்கி இறுக்கினால் ஊசி முனை உடைந்துபோகும் அல்லது அது உட்காரும் துளையில் பள்ளம் விழும். அதன் பிறகு எந்த ட்யூனிங்கும் நிலைக்காது. வண்டியின் கையேட்டில் சொல்லியுள்ள அளவுக்கு, அது கிடைக்காவிட்டால் ஒன்றரைச் சுற்றுக்கு, வெளியே எடுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் வண்டியை ஓட்டி வாருங்கள். ஸ்லைடைத் தூக்கி நிறுத்தும் ஐடிலிங் ஸ்க்ரூ வேறு. அதைக் கொண்டு வேகத்தைச் சற்றே கூட்டி வைத்து, மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, பத்து நொடி காத்திருந்து, காதால் கேளுங்கள். இந்தக் காத்திருப்பைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். மாற்றம் இன்ஜினுக்குப் போய்ச் சேரும் முன்பே அடுத்த திருப்பைத் திருப்பினால் எது எதனால் வந்தது என்று தெரியாது. வேகம் மிக அதிகமாகவும் ஓசை சீராகவும் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நிறுத்தி, ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள்.

இரண்டாம் பதில்:

மேலே சொன்ன முறையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் வரிசையில் இருக்கிறது. இத்தனை வயதான வண்டியில் கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே உள்ள ரப்பர் மேனிஃபோல்டு விரிசல் விட்டிருந்தாலும், கிளாம்ப் தளர்ந்திருந்தாலும், வெளிக்காற்று உள்ளே புகுந்து நீங்கள் எழுதியிருக்கும் அதே அறிகுறிகளைக் காட்டும். அப்போது ஸ்க்ரூவைத் திருப்பி ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் நாளுக்கு நாள் ஐடிலிங் மாறிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது அந்த ரப்பரின் மேலும் இணைப்புகளின் மேலும் பூச்செடிக்குத் தெளிக்கும் தெளிப்பானால் தண்ணீரைப் பனி போலத் தெளியுங்கள். ஓசை மாறினால் அங்கே கசிவு உண்டு. சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். சூடான இன்ஜினுக்கு அருகில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆக்சிலேட்டர் கேபிளுக்குச் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா என்பதையும் ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள், ஏனென்றால் இறுகிய கேபிளும் ஸ்லைடை முழுதாக இறங்க விடாது.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கத்தில்தான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தபோது இரண்டரைச் சுற்று வெளியே இருந்தது. தண்ணீர் தெளித்ததில் ஓசை மாறவில்லை, கேபிளிலும் தளர்வு இருக்கிறது. பிறகு கால் கால் சுற்றாக உள்ளே திருப்பிக்கொண்டே வந்தேன். வேகம் கூடிக்கொண்டே வந்து, கடைசியில் கால் சுற்று மட்டுமே மிச்சமிருக்கும் இடத்தில்தான் ஓசை நன்றாக இருந்தது. இப்போது வெடிச் சத்தம் குறைந்திருக்கிறது, ஆனால் சோக் இன்னும் தேவைப்படுகிறது. இப்படியே விட்டுவிடலாமா?

முதல் பதில் எழுதியவர்:

விட்டுவிடாதீர்கள். ஏர் ஸ்க்ரூவைக் கிட்டத்தட்ட முழுதாக மூடினால்தான் இன்ஜின் சீராகிறது என்றால், காற்றைக் குறைத்துக் குறைத்து, வராத பெட்ரோலுக்கு ஈடு செய்கிறீர்கள் என்று பொருள். நான்கு மாதம் நின்ற வண்டி என்று எழுதியிருந்தீர்கள். கார்புரேட்டரின் அடியில் உள்ள மிதவைக் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, அரக்கு போன்ற ஒரு படிவை விட்டுச் செல்லும், அது முதலில் அடைப்பது பைலட் ஜெட்டைத்தான். அந்த ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சுத்தமான ஜெட்டில் வட்டமான ஒளிப்புள்ளி தெளிவாகத் தெரியும். கார்புரேட்டர் கிளீனரில் ஊற வைத்துக் காற்றழுத்தத்தால் ஊதுங்கள். இரும்புக் கம்பி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள். பித்தளை மென்மையானது, ஒருமுறை துளை பெருத்துவிட்டால் ஜெட்டை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. ஜெட்டை மட்டும் அல்லாமல், கார்புரேட்டர் உடலில் அதற்குப் போகும் வழியையும் ஸ்லைடுக்கு அடியில் உள்ள சிறு துளைகளையும் ஊத வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

நேற்று மாலை பிரித்துப் பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் பழுப்பு நிறத்தில், விரலில் ஒட்டும் பசை படிந்திருந்தது. ஜெட்டை விளக்கின் முன் பிடித்தபோது ஒளிப்புள்ளிக்குப் பதிலாக ஓரத்தில் பிறை போன்ற ஒரு கீற்று மட்டும் தெரிந்தது. இரவு முழுவதும் ஊற வைத்து இன்று காலை ஊதிய பிறகு முழு வட்டமும் தெரிந்தது. பொருத்தி ஓட்டிச் சூடேற்றி மீண்டும் ட்யூன் செய்ததில், ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று முன்னால் ஓசை சீராக வந்து நின்றது. ஆக்சிலேட்டரை விட்டதும் வேகம் உடனே இறங்குகிறது. நாளை வெளியூர் போய்த் திரும்பியதும் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து, ஐடிலிங் கலவை சரிதானா என்று உறுதி செய்துகொள்ளலாம் அல்லவா?

இரண்டாம் பதில் எழுதியவர்:

மகிழ்ச்சி. ஆனால் நெடுந்தூரம் ஓட்டிவந்து பார்க்கும் பிளக்கின் நிறம் பெரும்பாலும் நீடிலும் மெயின் ஜெட்டும் (ஆக்சிலேட்டரை அதிகம் திறக்கும்போது பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் பாகங்கள்) கொடுத்த கலவையைக் காட்டும். பைலட் ஜெட்டின் ஆதிக்கம் ஆக்சிலேட்டரின் முதல் கால் பங்குத் திறப்புக்குள் முடிந்துவிடுகிறது. ஐடிலிங்குக்கு நாளை காலை குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சோக் எவ்வளவு நேரம் தேவைப்படுகிறது என்று பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் எடுத்துவிட முடிந்தால் அந்த ஸ்க்ரூவை இனித் தொட வேண்டாம்.