பாப் ஸ்லைடில் சிறு செல்கள், பயாப்ஸியில் நசுங்கிய திசு: எதைக் கொண்டு முடிவு சொல்வது?

கேள்வி (நோயியல் முதுநிலை மாணவி)

கருப்பை வாயிலிருந்து திரவ முறையில் எடுத்த பாப் (உதிர்செல் பரிசோதனை) மாதிரியில், சைட்டோபிளாசம் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குச் சிறிய, கருத்த செல்கள் கொத்துக் கொத்தாகத் தெரிகின்றன. எச்.பி.வி. 18 (கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமாகும் வைரஸின் ஒரு வகை) பாசிட்டிவ். பயாப்ஸியில் வந்த மூன்று துணுக்குகளில் இரண்டு நசுங்கி, உட்கருக்கள் நீல இழைகளாக இழுபட்டுக் கிடக்கின்றன. அழற்சியால் வந்த நிணநீரணுக்கள் என்கிறார் ஒருவர். செதிள் செல் புற்று என்கிறார் இன்னொருவர். சிறுசெல் நியூரோஎண்டோகிரைன் (நரம்பு, ஹார்மோன் செல்களின் இயல்பு கொண்ட) புற்றாக இருக்குமோ என்பது என் அச்சம். அப்படியானால் எட்டோபோசைடு என்ற மருந்து சேர்ந்த கீமோ தேவைப்படும் என்பதால், பெயரைத் தவறாகச் சொல்லிவிடக் கூடாது. எப்படி அணுகுவது?

பதில் 1

முதலில் பாப் ஸ்லைடுக்கே திரும்புங்கள். நிணநீரணுக்கள் கூட்டமாக இருந்தாலும் ஒன்றையொன்று நெருக்குவதில்லை. சிறுசெல் புற்றிலோ ஓர் உட்கருவின் புடைப்பு பக்கத்து உட்கருவின் குழிவில் அச்சாகப் பொருந்தி நிற்கும். குரோமாட்டின் (உட்கருவிலுள்ள டி.என்.ஏ. பொருள்) உப்பும் மிளகும் தூவினாற்போல இருக்கும். நியூக்ளியோலஸ் (உட்கருவுக்குள் இருக்கும் சிறு புள்ளி) பெரும்பாலும் கண்ணில் படாது. நசுங்கல் மட்டும் எதையும் நிரூபிக்காது, நிணநீரணுக்களும் அப்படித்தான் நசுங்கும். குப்பியில் திரவம் மீதமிருந்தால் அதிலுள்ள செல்களைத் திரட்டி மெழுகில் பதித்து செல் பிளாக் செய்துவிடுங்கள். அந்தப் பெண்ணை மறுபடி பயாப்ஸிக்கு அழைக்கும் தேவையே எழாமல் போகலாம்.

பதில் 2

திசு குறைவு என்பதால், சாயமிடாத வெட்டுகளை ஒரே அமர்வில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திசு பதித்த மெழுகு பிளாக்கை ஒவ்வொரு முறை மைக்ரோடோமில் (வெட்டும் கருவியில்) மீண்டும் பொருத்திச் சமன்செய்யும்போதும் கொஞ்சம் திசு வீணாகும். எதிர்ப்பொருள் சாயங்களில் கெரட்டினும் (புற்றின் எபிதீலியச் செல்லைக் காட்ட) சிடி45-உம் (நிணநீரணுவைக் காட்ட) முதலில். பிறகு சினாப்டோஃபைசின், குரோமோகிரானின், ஐஎன்எஸ்எம்1 (மூன்றும் நியூரோஎண்டோகிரைனுக்கு), பி40 (செதிள் செல்லுக்கு). இன்னொரு நியூரோஎண்டோகிரைன் குறிப்பானான சிடி56 ஒன்றை மட்டும் நம்பி எழுதாதீர்கள். எச்.பி.வி.யின் தாக்கத்தைக் காட்டும் பி16 இங்கே உதவாது, ஏனெனில் எச்.பி.வி.யால் வரும் செதிள் செல் புற்றிலும் சிறுசெல் புற்றிலும் அது அடர்த்தியாகவே வரும். நுரையீரல் குறிப்பான் எனப்படும் டிடிஎஃப்-1 பாசிட்டிவ் ஆனால் நுரையீரலிலிருந்து பரவியது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்; கருப்பை வாயில் தோன்றிய புற்றிலும் அது பாசிட்டிவ் ஆகலாம்.

பதில் 3 (செல் பரிசோதனைத் தொழில்நுட்பர்)

கேள்விக்குச் சற்று விலகியதுதான், ஆனால் இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. 2020-இல் வெளியான உலக சுகாதார நிறுவன வகைப்பாடு எச்.பி.வி. சாராதவை என்று தனியே பிரித்த புற்றுகளில், இரைப்பை வகை அடினோகார்சினோமாவில் (சுரப்பிப் புற்றில்) எச்.பி.வி. நெகட்டிவ், பி16-உம் பெரும்பாலும் நெகட்டிவ். செல்கள் சாதுவாக, தேன்கூடு போன்ற தகடுகளாக இருக்கும். பாப் சாயத்தில் அவற்றின் சளி இளஞ்சிவப்பாக இல்லாமல் பொன்மஞ்சளாகத் தெரிந்தால், அங்கே நின்று பாருங்கள். மேலோட்டமான பயாப்ஸி இயல்பான சுரப்பி போலவே ஏமாற்றக்கூடும், ஆழமான திசு கேட்க வேண்டியிருக்கும்.

கேட்டவர்

மீதமிருந்த திரவத்தில் செல் பிளாக் செய்தோம். சிடி45, பி40 இரண்டும் நெகட்டிவ். சினாப்டோஃபைசினும் ஐஎன்எஸ்எம்1-உம் தெளிவாகப் பாசிட்டிவ். நசுங்காத மூன்றாவது துணுக்கின் ஓரத்திலும் அதே செல்கள் இருந்தன. சிறுசெல் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா என்று அறிக்கை எழுதியாகிவிட்டது. அறிக்கை கைக்குப் போகும் முன்பே சிகிச்சை மருத்துவரிடம் பேராசிரியர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். உங்கள் அனைவருக்கும் நன்றி.